திரும்புகிற இடத்தில் ஓர் அலை

…இல்லை, இந்தத் தாளிலும் இருக்கிறது, லென்ஸ் கூட வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிகிறது, நட்டுக்குத்தலாக நிற்க வேண்டிய கோடுகள் இடது ஓரத்தில் மட்டும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற குச்சி மாதிரி நெளிகின்றன, கொஞ்சம் உள்ளே வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொள்கின்றன, நடுவில் நேர், வலது ஓரத்தில் நேர், பிரிண்டரின் ஹெட் இடது பக்கம் போய்த் திரும்புகிற இடத்தில் மட்டும் இந்த அலை… "இருக்குங்க, அப்படியேதான் இருக்கு" என்று தாளை எதிர் மேசைக்கு நகர்த்தினேன், அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கி, ஏற்கெனவே சேர்ந்திருந்த தாள்களின் மேல் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தார், "ம்… வேகத்தை இன்னும் கொஞ்சம் கொறச்சுப் பாக்கறேங்க" என்றார். புதிதாக யாராவது இந்தச் சோதனை அறைக்குள் வந்து எங்களைப் பார்த்தால், காலையில் ஒரே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரே வண்டியில் வந்த புருஷன் பெண்டாட்டி என்று சொல்ல மாட்டார்கள், அதுவும் நாங்களே போட்டுக்கொண்ட ஏற்பாடுதான், கல்யாணமான புதிதில், ஆபீஸ் வாசல் வரைக்கும் நீ, வா, போ, டா, டி எல்லாம், வாசல் தாண்டினால் 'நீங்க', அதில் ஒரு கள்ளத்தனமான சுகம் இருந்தது, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "மேடம் சொல்றதுதாங்க சரி" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார்… அந்த 'நீங்க' இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது, எந்த நாள் சாயங்காலம் எங்களோடு வண்டியில் ஏறி வந்ததோ தெரியவில்லை, சாப்டீங்களா, லைட்டை அணைச்சிடவா, உங்களுக்கும் துணி ஊற வைக்கணுமா… சண்டை ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம், சண்டை போட்டிருந்தால் எங்கேயாவது ஒரு 'டி' வந்து விழுந்திருக்கும்.

வீட்டு மேசையில் வைத்து அச்சடிக்கிற சின்ன இயந்திரம்தான் இது, இன்னும் கடைக்குப் போகாத புது மாடல், மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், குறுக்கே வழவழவென்று ஓர் எஃகுத் தண்டு, அதன் மேல் சறுக்கி அங்கும் இங்கும் ஓடுகிற ஒரு பெட்டி, பெட்டிக்குள் மையைப் பொடிப்பொடியாகத் துப்புகிற ஹெட், பெட்டியை இழுக்கப் பல் வைத்த ஒரு பெல்ட், பெல்ட்டின் வலது கோடியில் மோட்டார், இடது கோடியில் ஒரு குட்டி உருளை, பெல்ட் தொய்ந்துவிடாமல் அந்த உருளையை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிற ஸ்பிரிங், இதெல்லாம் என் பொறுப்பு, மோட்டார் எப்போது வேகமெடுக்க வேண்டும், எங்கே தணிய வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்லித் தருகிற புரோகிராம் அவர் பொறுப்பு, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய நாடா, அதில் முடியைவிட மெல்லிய கோடுகள், ஓடும்போது பெட்டியில் இருக்கிற ஒரு கண் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே போகும், நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று ஹெட்டுக்குத் தெரிவது அந்தக் கண்ணால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தண்டுக்குப் போட வேண்டிய கிரீஸை அந்த நாடாவில் இழுவிவிட்டேன், கண் மறைந்துபோய் ஹெட் தறிகெட்டு ஓடிப் பக்கச் சுவரில் டமார் என்று மோதியது, அறையே திரும்பிப் பார்க்க, இவர் எழுந்து வந்து, நாடாவைத் தொட்டு, விரலைப் பார்த்து, "ஏங்க, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கச் சொன்னா நெஜமாவே விட்டுட்டீங்களா?" என்றார், எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து இரண்டு பேரும் பஞ்சை நனைத்து நனைத்து நாடாவைத் துடைத்தோம், அப்படித்தான் ஆரம்பித்தது. கோளாறு எப்போதும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் வரும், உங்க பெல்ட்டு என்பார், உங்க மோட்டாரு என்பேன், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்பார், கூடம் கோணல்தாங்க, வேணும்னா ரசமட்டம் வெச்சுப் பாத்துக்குங்க என்பேன், அந்தச் சண்டைக்காகவே காலையில் சீக்கிரம் எழுந்த நாட்கள் உண்டு, இப்போது "வேகத்தைக் கொறச்சுப் பாக்கறேங்க" என்கிறார், ஒரு மறுபேச்சு இல்லாமல் பழியைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்கிறார்… அதைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் கோளாறு அவர் பக்கம் இல்லை.

எனக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியும், போன வாரம் அவர் வேறு கட்டடத்துக்குப் போயிருந்த மத்தியானம், இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, இடது கோடியில் உருளையைத் தாங்குகிற பிளாஸ்டிக் துண்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன், நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி, ஹெட் வந்தது, திரும்பியது, அந்தத் திரும்பலில் விரலுக்கு அடியில் ஒரு 'டிக்', மறுபடி வந்தது, திரும்பியது, டிக்… அந்தத் துண்டு ஒரு பள்ளத்துக்குள் வழுக்கிப் போய்வர வேண்டும், பள்ளத்தின் மேல் விளிம்பில், மேலிருந்து பார்த்தால் தெரியாத உட்புறத்தில், வார்ப்பில் விழுந்த ஒரு பிசிறு, ஹெட் இழுத்துத் திரும்பும்போது துண்டு உள்ளே நகர்ந்து அந்தப் பிசிறில் சிக்கி நிற்கிறது, பிறகு ஸ்பிரிங் வெடுக்கென்று பிடுங்குகிறது, அந்த வெடுக்குதான் கோட்டில் அலையாக விழுகிறது, அவ்வளவுதான், இத்தனை நாள் ஆட்டிவைத்த பூதம் ஓர் எறும்பு அளவு பிசிறு. சந்தோஷத்தில் எழுந்து ஓடினேன், அவரிடம் சொல்ல வேண்டும், கூடம் கோணலேதான், என் கூடம்தான் கோணல் என்று சொல்ல வேண்டும், வழியில் மேலாளர் எதிரே வந்தார், எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிச்சிடலாமா?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்பதால் முதுகுக்குப் பின்னால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'நாளைக்கு' சார், அவர் நின்று, "ஒங்க வீட்டுக்காரர் கேட்டபடி மாத்தல் வந்திடுச்சும்மா, கடலோரக் கிளைக்கு. இந்த அலை நின்னதும் விட்டுடறோம்னு சொல்லியிருக்கேன். நீங்களும் கூடப் போறீங்களா, இல்ல…" என்றார். மாத்தலா? அவர் கேட்டாரா? என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று இழுத்தார், "தெரியும் சார், தெரியும்" என்றேன், திரும்பி வந்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, டிக், டிக்… அன்றைக்கு நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவரும் மாத்தலைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, நானும் ஒரு 'நாளைக்கு' ஆகிவிட்டேன்.

யாருக்காவது இப்படிப் பைத்தியம் பிடிக்குமா, கட்டின புருஷனைப் பிடித்து நிறுத்த ஒரு பிளாஸ்டிக் பிசிறை நம்பி உட்கார்ந்திருப்பார்களா… வாய் எங்கே போயிற்று? போகாதே என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்ல ஏன் வரவில்லை, சொன்னால் அவர் கேட்பார், ஏன் போகக் கூடாது, இங்கே என்ன இருக்கு என்று கேட்பார், இல்லை, கேட்க மாட்டார், என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் பயம். வீட்டில் என்ன இருக்கிறது, இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்து மூலையில் எங்கள் பழைய பிரிண்டர், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் மாடல், அதற்கு முன்னால் ஒரு சின்ன முக்காலி… அந்த முக்காலியில் பாப்பா ஏறி நிற்பாள், அவள் வரைந்ததை நாங்கள் இன்னொரு பிரதி எடுத்துத் தர வேண்டும், அசல் அவளுக்கு, பிரதி எங்களுக்கு, மூடியைத் திறந்தே வைத்துத்தான் அடிக்க வேண்டும், மூடி திறந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுகிற சென்சாரை ஏமாற்ற இவர் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைத்திருந்தார், ஹெட் அந்தப் பக்கம் போனால் அவள் தலை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் வந்தால் தலை இந்தப் பக்கம், பின்னால் இரட்டைச் சடை ஆடும், "அப்பா, அது ஏன் திரும்பித் திரும்பி வருது, எதையாச்சும் மறந்து வெச்சிட்டுப் போயிடுச்சா?" என்று ஒருநாள் கேட்டாள், அவர் அவளுக்குச் சமமாகக் குனிந்து, பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி, "இல்லடா கண்ணு, போற வழியில பாதி எழுதும், வர்ற வழியில மீதி எழுதும், சும்மா திரும்பி வந்தா நேரம் வீண்தானே?" என்றார், அவள் யோசித்தாள், "நான் ஸ்கூல்லருந்து சும்மாதானே திரும்பி வர்றேன்" என்றாள்… அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள், பாப்பாவுக்கும் மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு, உதடு லேசாக நீலம் பாய்ந்துவிடும், போதும்டா போதும், உக்காரு என்று நான் பிடித்து உட்கார வைப்பேன், பிறக்கும்போதே இதயத்தில் ஒரு குறை, ஒண்ணாம் வகுப்பு முடிந்ததும் அறுவை சிகிச்சை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள், வைத்துக்கொண்டோம், போன மழைக்காலத்தில்.

கதவு திறந்தது, 'நாளைக்கு' சார் தலையை மட்டும் நீட்டினார், "எப்படிப் போகுது? அலை கொஞ்சமாச்சும் அடங்குச்சா?" இவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "கொறையுது சார், முழுசா நிக்கல" என்றார், குறைந்ததா? குறையவே இல்லை, ஏன் அப்படிச் சொன்னார், சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார், "கடலோரத்துல இருந்து தெனம் கூப்பிடறாங்கப்பா, ஆளை எப்ப அனுப்புறீங்க, எப்ப அனுப்புறீங்கன்னு. நாளைக்கு முடிச்சிடலாமா?" என்றார் சார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பாக்கலாம் சார்" என்றோம், ஒரே குரல் மாதிரி வந்தது, சார் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், வேறெதுவும் கேட்காமல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். பாப்பா போனதிலிருந்து எல்லோரும் எங்களிடம் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்துகிறார்கள். இவர் தலைக்குள் இப்போது என்ன ஓடும், இவரும் நினைப்பாரா, நினைக்காமல் இருப்பாரா, அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்து நின்றபோது நான் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவர்தான் பேசினார், அழவில்லை, நிதானமாக, வேலையில் கேட்கிற மாதிரியே, "எந்த எடத்துல டாக்டர்?" என்றார், "எந்தக் கட்டத்துல?" என்றார், "அதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு அறிகுறி, ஒரு சத்தம், ஒரு நடுக்கம், ஏதாவது இருந்திருக்குமே?" என்றார், டாக்டர் சின்ன வயசுக்காரர், கண் சிவந்திருந்தது, "எல்லாம் சரியாத்தான் போச்சு சார், சரியாத்தான் செஞ்சோம். சில சமயம் இப்படி ஆயிடுது" என்றார்.

சில சமயம் இப்படி ஆயிடுது… எங்கள் தொழிலில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்ல முடியாது, சொன்னால் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள், எதுவும் சும்மா ஆவதில்லை, ஒரு பல் தேய்ந்திருக்கும், ஒரு திருகு தளர்ந்திருக்கும், தூசி, ஈரம், பிசிறு, ஏதோ ஒன்று இருக்கும், இருந்தே ஆக வேண்டும், தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரி செய்யலாம், இப்படியே வாழ்ந்த இரண்டு பேரிடம் காரணமே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் என்ன செய்வது, அதை வீட்டில் எங்கே வைப்பது? அவர் மேல் தப்பு இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், என் மேல் இருந்திருந்தால் அவர் கத்தியிருப்பார், இல்லை, அவர் கத்த மாட்டார், மன்னித்திருப்பார், அதற்காகவாவது வாயைத் திறந்திருப்பார்… ஒன்றுமில்லாததால் ஒன்றுமே பேசவில்லை, முதலில் அவளைப் பற்றிப் பேசாமல் இருந்தோம், அப்புறம் அவள் சம்பந்தப்பட்டதைப் பேசாமல் இருந்தோம், அவள் சம்பந்தப்படாதது என்று அந்த வீட்டில் என்ன இருக்கிறது, தோசைக்கல்லைப் பற்றிக் கூடப் பேச முடியாது, அதில் அவளுக்கு எழுத்து எழுத்தாக ஊற்றித் தருவார், ஆக மிச்சம் இருந்தது இந்த ஒரு அறை, இந்தத் தண்டும் பெல்ட்டும், இங்கே மட்டும்தான் இரண்டு பேரும் முழு வாக்கியம் பேசுகிறோம், அதையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாரே… யாரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை, சாரிடம் சொன்னார்.

கைபேசி அதிர்ந்தது, என் அக்கா, எடுக்காமல் விட்டால் விடாமல் அடிப்பாள், எடுத்தேன், எழுந்து வெளியே போயிருக்கலாம், ஏனோ போகவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், "என்னடி, மாப்பிள்ளை ஊர் மாறிப் போறாராமே, ஒரு வார்த்தை சொல்லல நீ?" என்றாள், அக்காவின் குரல் கைபேசிக்கு வெளியே ஒரு முழம் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அவளை நாங்கள் 'ஒலிபெருக்கி' என்றுதான் கூப்பிடுவோம், "யாரு சொன்னா ஒனக்கு?" என்றேன், "யார் சொன்னா என்ன? நீ கூடப் போறியா இல்லையா? ஆளுக்கொரு திசையில நின்னா அது என்னடி குடும்பம்? வாய் செத்துப்போச்சா ஒனக்கு, போகாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?" முதுகுக்குப் பின்னால் விசைப்பலகைச் சத்தம் நின்றிருந்தது, நின்றதை நான் கவனித்தேனா, இல்லையா, இப்போது நினைத்தால் கவனித்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அப்போது அக்காவின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான், பல்லைக் கடித்துக்கொண்டு, "போகட்டும்க்கா. போனாத்தான் நல்லது. இங்க இருந்து மட்டும் என்ன?" என்றேன், அந்தப் பக்கம் ஒலிபெருக்கியே குரலை இறக்கி, "சாப்ட்டியா?" என்றாள், "சாப்ட்டேன்" என்று வைத்தேன். அழுகை வரவில்லை, கைபேசியை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் எழுந்து நின்றிருந்தார்.

இயந்திரத்தை நிறுத்தினார், பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினார், அது என் பக்கத்து வேலை, அவர் ஒருநாளும் தொட மாட்டார், நானும் போய்க் குனிந்தேன், எத்தனை மாதம் கழித்து இவ்வளவு பக்கத்தில் அவர் முகம், காதோரம் நரை ஏறியிருக்கிறது, எப்போது ஏறியது, ஒரே வீட்டில்தானே இருக்கிறேன், சட்டைக் காலரில் நான் ஊற வைத்த சோப்பின் வாசனை, "என்னங்க பண்றீங்க?" என்றேன், "இடது பக்கம் ஒரு தடவை தொறந்து பாத்துடலாம்னு" என்றார், வேண்டாம் என்று சொல்ல வந்து, என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல், பெல்ட்டைத் தளர்த்திக் கொடுக்கிற சாக்கில் கையை உள்ளே விட்டேன், ஸ்பிரிங் நழுவி உருளை வெடுக்கென்று பாய்ந்து விரலைக் கவ்வியது, "ஏய், பாத்துடி!" என்று கத்திவிட்டார், கத்திவிட்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்து, விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ரத்தம் இல்லை, ஒரு சிவப்புக் கோடு மட்டும், இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம், இவ்வளவு சின்ன வலிக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "வலிக்குதா?" என்றார், "இல்ல" என்றேன், விட்டுவிட்டார். கையை விட்டுவிட்டார், சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார், குனிந்தார், உருளைத் துண்டை ஒதுக்கிப் பள்ளத்தின் மேல் விளிம்புக்கு உள்ளே விட்டு, சர்ரக்… சர்ரக்… நிதானமாக உரசினார், வெள்ளையாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது, ஊதினார், ஸ்பிரிங்கை மாட்டினார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், "ஓட்டுங்க" என்றார்.

தாள் வந்தது, நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை, தட்டில் கிடந்தபடியே தெரிந்தது, இடது ஓரக் கோடுகள் கம்பி நட்ட மாதிரி நின்றன, லென்ஸை வைத்தேன், நேர், இன்னும் நகர்த்தினேன், நேர், எங்கும் ஓர் இம்மி நெளிவு இல்லை, இந்த வேலையில் சேர்ந்து இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான தாளை நான் பார்த்ததில்லை, கிழித்துப் போடலாம் போல இருந்தது. அதற்குள் எந்த மோப்பத்தில் வந்தாரோ, சார் உள்ளே வந்துவிட்டார், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அட, அட, அட… எங்கப்பா இருந்துச்சு?" என்றார், "ஒரு பிசிறு சார், இடது பக்கம், பள்ளத்துல" என்றார் இவர், "கடைசியில பிசிறா? இம்மாத்தூண்டு பிசிறா நம்மள இந்தப் பாடு படுத்துச்சு?" என்று சிரித்து, என் முகத்தைப் பார்த்து, பாதியில் சிரிப்பை மடக்கிக்கொண்டு, "அப்ப… நாளைக்கே விடுவிச்சிடலாம்னு அங்க சொல்லிடவா?" என்று கேட்டார், இவரைப் பார்த்துக் கேட்டாரா, என்னைப் பார்த்துக் கேட்டாரா, "சொல்லிடறேன்" என்று தானே சொல்லிக்கொண்டு, தாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் மை பட்ட கையைக் கழுவ மூலைத் தொட்டிக்குப் போனார், தண்ணீர் விழுகிற சத்தம், நான் மேசையைத் துடைத்தேன், கழற்றிய திருகுகளை ஒன்றாகக் குவித்தேன், அவர் வைத்துவிட்டுப் போனதை எடுத்தேன், ஊசி அரம், நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது… அரம். இது எப்படி இவர் பையில்? இவர் மேசையில் கணினியும் ஒரு பேனாவும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை, ஊசி அரம் எதிர்க் கட்டடத்துக் கருவி அறையில் இருக்கும், போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும், இன்றைக்கு இவர் எங்கேயும் போகவில்லை, காலையிலிருந்து எதிரேதான் உட்கார்ந்திருந்தார், அப்படியானால் முன்னாலேயே… எங்கே சிக்குகிறது என்று என்னிடம் கேட்கவில்லை, விரலை வைத்துத் தேடவில்லை, மேலிருந்து பார்த்தால் தெரியாத அந்த விளிம்புக்கு நேராகப் போனார். அந்தத் திரையில் நாளெல்லாம் இவர் பார்த்துக்கொண்டிருந்தது என்ன, மோட்டார் திரும்பியும் ஹெட் திரும்பாத அந்த இமைப்பொழுது அதில் ஓடுகிற வரைபடத்தில் மலை மாதிரி தெரிந்திருக்குமே, மற்றவர்கள் பேப்பர் படிப்பது போல அந்தப் படங்களைப் படிக்கிற ஆள், இவருக்குத் தெரியாமல் இருக்குமா, இவருக்குத் தெரியும், எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டுதான் வேகத்தைக் கொறைக்கறேங்க, ஏத்தறேங்க என்று, அத்தனை தாள்களையும் வாங்கி வாங்கி ஓரம் தட்டி அடுக்கி, "கொறையுது சார்" என்று பொய் சொல்லி… நான் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரே பிசிறைக் காவல் காத்திருக்கிறோம்.

அப்புறம் ஏன் எடுத்தார்? இன்றைக்கு ஏன், இந்த மத்தியானம் ஏன், ஜன்னலில் இருந்து நான் திரும்பியபோது ஏன் எழுந்து நின்றிருந்தார்… போகட்டும்க்கா, போனாத்தான் நல்லது. ஒரு முழம் என்ன, இந்த அறை முழுக்கக் கேட்டிருக்கும், அதுவும் அக்கா பேசினது அல்ல, நான் பேசினது. தண்ணீர் நின்றது. கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்தார், துண்டு அங்கேயே தொங்குகிறது, எப்போதும் சட்டையில்தான், இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, எதையோ தேடுகிற மாதிரி பெல்ட்டைப் பார்த்தார், "இன்னொரு தாள் ஓட்டிப் பாத்துடலாமா, எதுக்கும்?" என்றார். தேவையே இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உள்ளே வைத்தேன், ஓரம் சரியாகப் பொருந்தவில்லை, எடுத்து மறுபடி வைத்தேன், அக்கா வாயை அடைக்கச் சொன்னதுங்க அது என்று ஆரம்பிக்கலாமா, மாத்தல் ஏன் கேட்ட என்று ஆரம்பிக்கலாமா, எதில் ஆரம்பித்தாலும் அது நேராக அவளிடம் போய்த்தான் நிற்கும், போய் நின்றால்தான் என்ன… ஹெட் ஓட ஆரம்பித்தது, அவர் பார்க்க, நான் பார்க்க, சத்தமே இல்லாமல் அந்த ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது.